தலவாக்கலையில் ஒரு தவிட்டு மூட்டை

ஹட்டனை விட்டு மலையேறும் புகையிரதம் கொட்டகலையைக் கடந்து செல்கையில், சாளரத்தின் வழியே சென் கிளயர் நீர்வீழ்ச்சி தோன்றும். சற்று நேரத்தில் தலவாக்கலை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் உள்ள இந்தக் குளிர்நாட்டில், வெப்பத்தால் மாட்டுத்தீவனம் கெடுகிறது என்றால் நகைப்பவரே மிகுதி.

அத்தகையோர் மாசி, பங்குனி மாதங்களில் லயத்துத் தகரக் கூரையின் கீழ் ஒரு பகற்பொழுது நின்று பார்த்தல் வேண்டும். வெயிலில் தகரம் கொதிக்க, தவிட்டில் உள்ள ஈரம் ஆவியாகி மேலெழுகின்றது. இரவில் அதே தகரம் குளிர்ந்துவிட, ஆவி நீர்த்துளியாகி மூட்டையின்மேல் சொட்டுகின்றது. நனைந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கின்றது. போதாக்குறைக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு வருவதோ குருநாகல், சிலாபம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்நிலங்களிலிருந்து. மலைக்கு வந்து சேருமுன்பே அதில் பூஞ்சணம் குடியேறியிருத்தலும் கூடும்.

இது வெறும் நாற்றத்தோடு போகும் கேடன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம், அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம். அது சுரக்கும் நஞ்சுக்கு அப்ளாடொக்சின் என்று பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் இந்நஞ்சைப் பசு உண்டால், அதில் ஒரு சிறுபங்கு உருமாறிப் பாலில் கலக்கின்றது. பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. லயத்துப் பசுவின் பாலில் ஒரு பகுதி விற்பனைக்குச் செல்கின்றது. எஞ்சியது வீட்டுக் குழந்தைகளுக்கு.

"கெட்டுப்போன தவிட்ட மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும் ஐயா. ஆனா பசிச்சா தின்னுபுடும்," என்றார், கொழுந்து பறித்து வந்து மாட்டுக்கு மானாப்புல் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையார்.

விந்தை யாதெனில், ஈரத்தின் பகைமையை இவ்வூரார் அறியாதவர் அல்லர். தொழிற்சாலையில் தேயிலையை நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு ஈரம் எஞ்சும்வரை உலர்த்துபவர்கள் இவர்களே. முற்காலத்தில் அதை உலோகத்தாள் ஒட்டிய மரப்பெட்டிகளில் அடைத்து அனுப்பியவர்களும் இவர்களே. விற்கும் தேயிலைக்கு அத்தனை காவல். வீட்டு மாட்டின் தவிட்டுக்கோ ஈரச்சுவரின் மூலை!

குற்றம் அவர்களுடையதன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மனிதர் படுக்கவே இடம் போதாது. எனினும் செலவின்றிச் செய்யத்தக்கவை உண்டு. மூட்டையைத் தரையில் வையாது பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கலாம். கூரைத் துளி விழாதபடி மேலே ஒரு தட்டி கட்டலாம். பழைய மூட்டை தீருமுன் புதியதைக் கலவாதிருக்கலாம். பூஞ்சணம் கண்ட பிண்ணாக்கை வெயிலில் உலர்த்தி மீண்டும் இடுவோர் உளர். உலர்த்தினால் பூஞ்சணம் அடங்கும், நஞ்சு போகாது. அதை எறிவதே முறை, மனம் எவ்வளவு வலித்தாலும்.

அவ்வம்மையார் இப்பொழுது இரண்டு வாரத்துக்கு வேண்டிய தவிட்டை மட்டுமே வாங்குகிறாராம். மூட்டையாக வாங்கினால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்கிறார். "கொறையட்டும் ஐயா," என்று சிரித்தவாறே அடுப்படிப் பரணைக் காட்டினார். அங்கே மூடியிட்ட ஒரு தகர டின்னில் இருந்தது தவிடு.