சாம்பலின் வலிமை

வலிமை என்பது விரைவில் வெளிப்பட வேண்டும் என எதிர்பார்ப்பது நம் காலத்தின் இயல்பு. கட்டடத் துறையிலோ வலிமைக்கு நாட்கணக்கு உண்டு. வார்த்த கொங்கிறீற்றுக் கட்டியை 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நசுக்கிப் பார்த்தே அதன் தரத்தை மதிப்பிடுகின்றோம். சாம்பல் கலந்த கொங்கிறீற்று இக்கணக்கிற்கு எளிதில் அடங்குவதில்லை. அதன் வலிமை மெல்ல வளர்வது. 28 நாட்களின் பின்னரும் தொடர்ந்து வளர்வது.

கல்லடியில் என் உறவினர் வீட்டுக்குத் தளம் வார்க்கும் பேச்சு எழுந்தபோது, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சீமெந்தை வாங்கலாம் என்றேன். மேசன் வேலையில் முதிர்ந்த மாமா ஒருவர் சிரித்தார். “சாம்பலப் போட்டுக் கட்டினா வீடு நிக்குமா மனே?” என்றார். அவருடைய ஐயம் நியாயமானதே. தாங்கு பலகைகளைக் கழற்றும் நாள் பிந்தினால், அடுத்த வேலைக்குச் செல்லும் நாளும் பிந்தும். அடுப்பிற் கழிந்தது வீட்டைத் தாங்கும் என எவர்தாம் எளிதில் நம்புவர்?

சீமெந்து நீருடன் கூடி இறுகும்போது கால்சியம் ஐதரொட்சைட்டும் உண்டாகின்றது. அது வலிமைக்குப் பெரிதும் உதவாத பொருள். சாம்பலிலுள்ள சிலிக்கா அதனுடன் மெல்லத் தாக்கமுற்று, இறுக்கிப் பிணைக்கும் புதுப் பொருளாக அதனை மாற்றுகின்றது; நுண்துளைகளும் குறுகுகின்றன. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டிய உரோமர் கண்ட பயனும் இதுவே.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் இப்பயன் பெரிது. இங்கே உப்பு காற்றிலும் மண்ணிலும் கிணற்று நீரிலும் உண்டு. குளோரைட்டு உட்புகுந்து கம்பியைத் தொட்டால் துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கின்றது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் அரும்பாடுபட்டு மீளக் கட்டிய குடும்பம், வெடித்த தளத்தை மறுபடியும் உடைத்துக் கட்ட எங்கே போகும்? ஆதலால், எத்தனை பாரம் தாங்கும் என்பதோடு எத்தனை ஆண்டு உப்பைத் தடுக்கும் என்பதும் இங்கே வலிமையின் அளவாகும்.

இவற்றைக் கூறியதும் மாமா கேட்டார்: “அப்ப எத்தின நாளைக்குத் தண்ணி ஊத்தணும்?” ஆராய்ச்சி நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதன் சாரம் அவ்வொரு கேள்வியில் இருந்தது. சாம்பல் கலந்தது ஈரம் காய்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டு கிழமையாவது நனைத்துக் காத்தல் நன்று. அந்நீரும் உவர்நீராய் இருத்தல் ஆகாது.

படுவான்கரையின் நெல்லும் இங்கே நினைவுக்கு வருகின்றது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி; அதனை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல். அதிற் பெரும்பகுதி சிலிக்காவே. ஆயினும் ஆலையோரத்துக் கருஞ்சாம்பலை அப்படியே அள்ளிக் கொட்டுதல் தகாது. ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில், கரி எஞ்சாது எரித்து, நுண்ணிதாக அரைத்தல் வேண்டும். அளவு மீறிய வெப்பத்தில் சிலிக்கா பளிங்குருப் பெற்றுத் தாக்கவலு குன்றும். எஞ்சிய கரியோ கலவையில் மிகையான நீரை வேண்டும்.

வயல் தரும் பொருள் வீட்டைக் காக்கும் பொருளாவதற்கு இடையில் வேண்டுவது அளந்தறிந்த அறிவு. அவ்வறிவு ஆய்வுகூட ஏட்டில் தங்கிவிடாது, சாந்து குழைப்பவரின் கைக்குத் தமிழிற் சென்று சேர்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் தமிழும் பொறியியலும் அருகருகே வாழ்வதன் பயன் அதுவேயாகும்.