அருளானந்தர் பிறந்த நகரில் ஒரு நாள் நடை

ஓரியூர்ச் செம்மண்ணைப் பயபக்தியோடு அள்ளி வீட்டுக்கு எடுத்துவரும் நம் மக்களுள் பலர், புனித அருளானந்தர் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் மாநகரில் பிறந்தவர் என்பதை அறிவர். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளும் அதனை ஒப்பிப்பர். பதுவை அந்தோணியார் என்று நாம் அழைக்கும் கோடி அற்புதரும் அந்நகரின் மைந்தரே. பிரான்சிஸ் சவேரியார் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறியதும் அங்கிருந்துதான். இத்துணை உறவுடைய ஊரை நம்மவர் நின்று பார்ப்பது அரிதாகவே இருக்கிறது. பாத்திமா திருத்தலத்திற்குச் செல்வோர் லிஸ்பனில் விமானத்தை விட்டு இறங்கியதும் பேருந்தில் ஏறி நேரே வடக்கு நோக்கிப் போய்விடுகின்றனர். அண்மையில் பாத்திமாவுக்குச் சென்று திரும்பிய நான், ஒரு நாளை மட்டும் இந்நகருக்கென்று ஒதுக்கிக்கொண்டேன்.

லிஸ்பன், தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் குன்றுகளின் மேல் அமைந்த நகரம். பழைய பகுதிகளில் தெரு என்பது பாதி படிக்கட்டே. நடைபாதை எங்கும் வெண்மையான சுண்ணக்கல்லையும் கரிய எரிமலைக் கல்லையும் கையளவுத் துண்டுகளாக்கிக் கோலம் போலப் பதித்திருக்கிறார்கள். கண்ணுக்கு அழகு, மழைத் தூறல் விழுந்தாலோ காலுக்கு ஆபத்து. இத்தகைய ஊரைப் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பதில் பயனில்லை. கொடி பிடித்தவர் பின்னே ஐம்பது பேராக ஓடுவதும் என் வயதுக்கு ஒவ்வாது. ஆகவே எனக்கென்று தனியே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டேன். செலவு சற்று மிகுதிதான். ஆயினும் நின்ற இடத்தில் நிற்கலாம், கேட்டதையே மீண்டும் கேட்கலாம், மூச்சு வாங்கினால் கோவில் படியில் உட்காரலாம்.

வந்தவர் அறுபதைக் கடந்த ஓர் அம்மையார். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். எதைக் காண விரும்புகிறேன் என்று கேட்டார். யோவான் தெ பிரிட்டோவின் ஊரைக் காண வந்தேன் என்றேன். "அவர் பெயரால் இங்கே பங்கு ஆலயம் உண்டு, பெரிய பள்ளியும் உண்டு. இந்தியாவில் உயிர்நீத்தார் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது, ஐயா. நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நடையை நான் சொல்லும் இடத்திலிருந்து தொடங்குவோம்" என்றார்.

அவர் அழைத்துச் சென்ற இடம் ரோசியோ சதுக்கத்தை அடுத்துள்ள புனித சாமிநாதர் ஆலயம். உள்ளே நுழைந்ததும் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். தூண்கள் எரிந்து வெடித்துச் சிதைந்த நிலையிலேயே நிற்கின்றன. 1959ஆம் ஆண்டில் நேர்ந்த பெருந்தீயில் ஆலயத்தின் உட்புறம் அழிந்தது. 1994இல் மீண்டும் திறந்தபோது கூரையை மட்டும் புதிதாக அமைத்து, வெந்த கற்களை வெந்தபடியே விட்டுவிட்டார்கள். பூச்சுப் பூசி மறைக்காதது நல்லதாயிற்று.

அம்மையார் காட்ட விரும்பியது இத்தீயின் வடுவை மட்டுமன்று. 1497இல் போர்த்துகல் அரசர் மனுவேல் தம் நாட்டு யூதர்களைக் கட்டாயப்படுத்தித் திருமுழுக்குப் பெறச் செய்தார். 'புதுக் கிறிஸ்தவர்' என்று பெயரிடப்பட்ட அவர்களை மற்றவர்கள் ஐயத்தோடே நோக்கினர். 1506ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவை ஒட்டி, வறட்சியும் கொள்ளை நோயும் வாட்டிய வேளையில், இவ்வாலயத்தின் பாடுபட்ட சுரூபத்தில் ஓர் ஒளி தோன்றியதாக மக்கள் ஆரவாரித்தனர். அது மெழுகுதிரியின் ஒளியாக இருக்கலாம் என்று புதுக் கிறிஸ்தவர் ஒருவர் சொல்ல, அவரை இழுத்துச் சென்று கொன்றனர். துறவியர் இருவரே கூட்டத்தைத் தூண்டிவிட்டனர். மூன்று நாள் நடந்த படுகொலையில் மாண்டோர் ஈராயிரம் என்றும் அதற்கு மேல் என்றும் கணக்கிடுவர். அத்துறவியரை அரசர் பின்னர்க் கொல்வித்தார், மாண்டவர் மீளவில்லை. ஆலயத்தின் முன்னே 2008இல் நிறுவிய நினைவுக்கல் தாவீதின் விண்மீனைத் தாங்கி நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் லிஸ்பன் முதுபெரும் தந்தை யூத மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியதையும் அம்மையார் எடுத்துச் சொன்னார். "நான் ஞாயிறு திருப்பலிக்கு வருவது இங்கேதான். வெளியூரார் யாரிடமும் இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றவற்றைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது" என்றார். இன்று அச்சதுக்கத்தில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கார்மேல் மடத்து ஆலயம். 1755 நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள். மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த காலைப்பொழுதில் நிலம் நடுங்கிற்று. உயிர் தப்பியோர் பலர் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே கடல் பொங்கி வந்து அவர்களை வாரிச் சென்றது. திருநாளுக்கென ஏற்றிய திரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. 2004 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கரையில் நேர்ந்ததைக் கண்டும் கேட்டும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கார்மேல் ஆலயத்திற்கு அதன் பின் கூரை வேயப்படவே இல்லை. வளைவுகள் வெறும் விலா எலும்புகளாய் வானத்தின் கீழே நிற்கின்றன. புறாக்கள் அவற்றின் ஊடே பறக்கின்றன. கீழே தாழ்வில் இருந்த நகரத்தை அமைச்சர் பொம்பால் நேர்நேரான தெருக்களாகத் திருப்பிக் கட்டினார். சுவருக்குள்ளே மரச்சட்டக் கூடு வைத்துக் கட்டி, அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை அணிநடை போடச் செய்து, அதிர்வைத் தாங்குகிறதா என்று பார்த்தார்களாம். அதே பொம்பால்தான் 1759இல் சேசு சபையினரைப் போர்த்துகலிலிருந்து துரத்தியவர். நம் மதுரை மறைப்பணித்தளம் தளர்ந்து போனதற்கு அந்த ஆணையும் ஒரு காரணம்.

துரத்தப்பட்டவர்களின் ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் ஆரோக்கியநாதர் என்று போற்றும் புனித ரோக்கின் ஆலயம் அது. வெளிப்புறம் எளிமையாக, ஏறெடுத்துப் பாராமல் கடந்துவிடத் தக்கதாய் இருக்கும். உள்ளேயோ பொன்வேலைப்பாடு கண்ணைக் கூசச் செய்கிறது. உரோமையில் முழுமையாகச் செய்து, பிரித்துக் கப்பலில் ஏற்றி வந்து, இங்கே பொருத்திய அருளப்பர் சிற்றாலயத்தைக் காணவே பலரும் வருகிறார்கள். எனக்கு அதைவிடத் திருப்பண்ட அறை பிடித்திருந்தது. அதன் சுவரில் சவேரியாரின் வாழ்க்கையை வரிசையாகப் படம் தீட்டி வைத்திருக்கிறார்கள். அவர் புனிதராக உயர்த்தப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அந்திரே ரெய்னோசோ என்ற ஓவியர் தீட்டியவை இவை.

பின்னர் ஆற்றை நோக்கி இறங்கினோம். ஆற்றங்கரையில் மூன்று பக்கமும் மஞ்சள் நிற மாளிகைகள் சூழ்ந்த பெருவெளி ஒன்று விரிகிறது. அரசு வைத்த பெயர் வணிகச் சதுக்கம். ஊரார் வாயில் வழங்குவது அரண்மனை முற்றம். அங்கே நின்ற அரண்மனை 1755இல் அழிந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக இல்லாத அரண்மனையின் பெயரை மக்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

"உங்கள் புனிதரின் கதையை இங்கே சொல்லலாம்" என்று அம்மையார் ஓரத்துக் கல்லில் அமர்ந்துகொண்டார். சொன்னேன். 1647 மார்ச் முதல் நாள் இந்நகரின் உயர்குடி ஒன்றில் பிறந்த பிள்ளை. தந்தை பிரேசிலில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தார். பிள்ளை அரசவையில், இளவரசர் பேத்ருவுக்குத் தோழனும் பணியாளனுமாக வளர்ந்தான். கொடிய நோயில் கிடந்தபோது தாயார் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தபின் நேர்த்திக்கடனாக ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அணிவித்தார். அணிவித்த உடை மனத்திலும் தங்கிவிட்டது. 1673இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அந்தத் தாயே திருத்தந்தையின் தூதுவர் வரை சென்று தடுத்துப் பார்த்தார் என்று வரலாறு கூறுகிறது. மகன் நிற்கவில்லை. காவியுடுத்து, புலால் நீக்கி, மறவர் நாட்டில் அருளானந்தர் ஆனார். 1686இல் சித்திரவதைக்குள்ளாகி விடுதலை பெற்றபின், சபைத் தலைவர்கள் அவரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். பழைய தோழர் இப்போது அரசர். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருக்கும்படி வற்புறுத்தினார். எந்தத் தாய்க்கும் அது ஒரு நம்பிக்கையாகவே இருந்திருக்கும். 1690இல் மீண்டும் கப்பலேறினார். 1693 பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். செய்தி லிஸ்பனை எட்டியபோது, அரசரின் விருப்பப்படி அந்தத் தாய் துக்க உடையை விலக்கித் திருவிழா உடையணிந்து நன்றி வழிபாட்டிற்கு வந்தாராம்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாய் அன்றிரவு வீட்டில் என்ன செய்திருப்பார்?" என்றார். இருபது ஆண்டு மறைக்கல்வி கற்பித்த எனக்கு அக்கேள்வி ஒரு முறையும் தோன்றியதில்லை.

கிழக்கே ஏறினால் பேராலயம். 1147இல் முதல் அரசர் அபோன்சோ நகரை மூர் இனத்தாரிடமிருந்து கைப்பற்றியபின் எழுந்தது. கோட்டை போலத் தடித்த இரட்டைக் கோபுரங்கள். அந்தோணியார் திருமுழுக்குப் பெற்ற தொட்டி இங்கே இருக்கிறது. அன்று அவர் பெயர் பெர்னாந்து. எதிரிலேயே, அவர் பிறந்த வீடு நின்றதாகக் கருதப்படும் இடத்தில் அவருக்கோர் ஆலயம். நிலநடுக்கத்திற்குப் பின் அதைக் கட்ட ஊர்ச் சிறுவர் தெருத்தெருவாகச் சென்று, "அந்தோணியாருக்கு ஒரு சிறு காசு" என்று கேட்டுப் பணம் சேர்த்தனர். நிலவறைச் சிற்றாலயத்தில் பத்துப் பேர் நின்றாலே நெருக்கம். 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே செபித்தார்.

சூன் 13ஆம் நாள் திருவிழா பற்றி அம்மையார் சொன்னது நம் உவரியையும் புளியம்பட்டியையும் நினைவூட்டிற்று. முதல் நாள் இரவு தெருவெங்கும், நம் கடற்கரையில் சாளை எனப்படும் மத்தி மீனைத் தணலில் சுட்டு உண்பார்களாம். நம் திருநீற்றுப் பச்சையின் இனத்துச் செடியொன்றைச் சிறு தொட்டியில் வைத்து, காகிதப் பூவும் இரண்டொரு வரிக் கவியும் செருகிக் காதலிக்குக் கொடுப்பதும் வழக்கம். செடியில் மூக்கை வைத்து முகரலாகாது. கையால் தடவிக் கையை முகர வேண்டும். அந்தோணியார் அவ்வூரில் திருமணம் கூட்டி வைப்பவர். அத்திருவிழாவில் பல இணைகளுக்குப் பேராலயத்தில் ஒருங்கே மணம் முடித்து வைப்பதும் உண்டு.

பேராலயத்தை அடுத்த அல்பாமா பகுதி நிலநடுக்கத்திற்குத் தப்பிய பழைய சந்துகள். பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்று என்று பொருள். சன்னலுக்குச் சன்னல் துணி காய்கிறது. வீடுகள் பல பயணியர் விடுதிகளாக மாறிப் பழைய குடிகள் வெளியேறி வருவதை அம்மையார் மனக்கசப்போடு சொன்னார். என்னைப் போன்றவர்கள் வருவதனாலும் அல்லவா என்று கேட்டேன். மறுக்கவில்லை.

பிற்பகலில் பெலேமுக்குப் புறப்படும் முன், 'கறுப்பரின் கிணறு' என்ற பொருளுடைய பெயர் தாங்கிய தெருவொன்றில் நின்றோம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இறந்தால் உடலைக் கண்ட இடத்தில் எறிந்துவிட்டனர். அதனால், எறிய ஒரு குழி வெட்டுமாறு 1515இல் அரசர் மனுவேல் கட்டளையிட்டார். இன்று அங்கே உணவகங்களும் கடைகளும். பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதே அரசர் எழுப்பியதுதான் பெலேமில் உள்ள எரோணிமுஸ் மடம். கல்லைச் சரிகை போல இழைத்திருக்கிறார்கள். முதலில் கொச்சியில் அடக்கப்பட்ட வாஸ்கோ ட காமாவின் எச்சங்கள் இங்கே சலவைக்கல் பேழைக்குள் இருக்கின்றன. 1502இல் மக்கா யாத்திரிகர் கப்பலைப் பெண்டு பிள்ளைகளோடு எரித்தவரும் அவரே. பேழையின்மேல் கைகுவித்துப் படுத்திருக்கும் அவ்வுருவத்தின் முன் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

வெளியே ஆற்றங்கரை. 1541 ஏப்பிரல் 7ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், சவேரியார் இந்தத் துறையிலிருந்து பாய்மரம் ஏறினார். அடிமைகளைக் கொண்டுவந்த கப்பல்களும் இதே நீரில்தான் வந்தன.

மடத்தின் ஒரு பகுதியில் அமைந்த தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் நமக்குரிய ஒன்று இருக்கிறது. 1554ஆம் ஆண்டு பெப்ருவரியில் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூல் அது. தமிழ்ச் சொற்களை உரோமை எழுத்தில் அமைத்து, கறுப்பும் சிவப்புமாக அச்சிட்டிருக்கிறார்கள். இந்நகரில் வாழ்ந்த மூன்று இந்தியக் கிறிஸ்தவர்கள் அதனை உருவாக்கினர். அவர்களின் போர்த்துகீசியப் பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளன. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேற மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. இதைக் கேட்டு அம்மையார் வியந்தார். நாற்பது ஆண்டு வரலாறு கற்பித்தும் இது தம் செவிக்கு எட்டியதில்லை என்றார்.

திரும்பும் டிராம் வண்டியில் கூட்டம் மிகுதி. ஓரியூர் என்பதை எப்படி உச்சரிப்பது என்று அம்மையார் இருமுறை கேட்டார். பின் கைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, ஆடும் வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தம் எழுத்தில் அப்பெயரை எழுதி, சரிதானா என்று என்னிடம் காட்டினார்.