பட்டுச்சா, படலையா?

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எட்டாவது படிக்கும்போது பக்கத்துத் தெரு பசங்களோட பெட் மேட்ச். ஆளுக்கு ஒரு ரூபா. கடைசி ஓவர், கடைசி விக்கெட், 4 ரன் வேணும். பேட்டிங் சாட்சாத் அடியேன்.

பந்து மட்டையோட ஓரத்துல லேசா உரசிட்டு கீப்பர் கைக்குப் போச்சு. அம்பயரா நின்னது எங்க டீம் பையன் (தெரு கிரிக்கெட்ல வேற யாரு நிப்பா?). கையைத் தூக்கலை. பவுலர் நேரா என்கிட்ட வந்தான்.

"டேய், உண்மையைச் சொல்லு. பட்டுச்சா?"

"அம்மா சத்தியமா படலைடா."

ஒண்ணும் பேசாம திரும்பிப் போனான். அடுத்த பந்து ஃபோர். தோள்ல தூக்கிக் கொண்டாடினாங்க. ராத்திரி அம்மா இருமினப்போ பயந்து எழுந்து உக்காந்துட்டேன்.

டீமுக்காகத்தானே பொய் சொன்னேன்னு ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். விஸ்வநாத் கதை தெரிஞ்சப்புறம் அதுவும் போச்சு.

1980 பிப்ரவரி, பம்பாய் டெஸ்ட். முதல் இன்னிங்ஸ்ல இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். அப்புறம் போத்தமோட சேர்ந்து ஆடின பாப் டெய்லருக்கு, கீப்பர் கேட்ச்னு அம்பயர் அவுட் கொடுத்துட்டார். பந்து மட்டையில படலைன்னு நம்பின கேப்டன் விஸ்வநாத், டெய்லரைத் திருப்பிக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். அந்த ஜோடி சேர்த்தது 171 ரன். இந்தியா 10 விக்கெட்ல தோத்துச்சு.

மத்த பத்து பேரோட வெற்றியை விட்டுக்கொடுக்க அவருக்கு என்ன உரிமைன்னு கேக்கலாம். நானும் யோசிச்சிருக்கேன். ஆனா அந்த விக்கெட் இந்தியாவோடதே இல்லையே? நம்மகிட்ட இல்லாததை எப்படி விட்டுக்கொடுக்கறது?

அம்பயர் சொல்றவரைக்கும் பேசாம நிக்கறது ஆட்டத்துல சேர்த்திதான். எத்தனையோ பெரிய ஆட்டக்காரங்க நின்னிருக்காங்க. என் கதை அது இல்லை. அம்பயரை விட்டுட்டு என் வார்த்தையை நம்பி ஒருத்தன் கேட்டான். அங்கே அம்பயரே நான்தான். தப்பா தீர்ப்பு சொல்லிட்டேன்.

அம்மா நல்லாத்தான் இருக்காங்க :-) அந்தப் பையனோட அப்புறமும் நிறைய மேட்ச் ஆடினேன். சண்டையெல்லாம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அவன் என்கிட்ட "பட்டுச்சா?"ன்னு கேட்டதில்லை.