குற்றவாளி பம்பியல்ல

பத்திரிகைக் காரியாலயத்தில் நான் பயிலுநராகச் சேர்ந்த நாட்களில், ஒரு தகவலைக் குறைந்தது இரண்டு இடங்களிலேனும் விசாரித்து உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று செய்தி ஆசிரியர் சொல்லித்தந்தார். தொழிலில் அந்த விதியை இயன்றவரை காப்பாற்றி வந்த நான், என் சொந்த மோட்டார் காரின் விடயத்தில் அதை மறந்தேன். அதனால் பல ஆயிரம் ரூபா வீணானது. அதைவிடப் பெரிய இழப்பு, ஓர் இளைஞனின் மனதை நோகடித்ததாகும்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையில் வாழ்ந்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் அயலவரின் மகன், என் வயதைக் கருதி, "நீங்கள் வீட்டில் இருங்கோ அங்கிள்" என்று சொல்லி எனது காருடன் இரண்டு இரவுகள் வரிசையில் காத்திருந்து பெற்றோல் நிரப்பி வந்தான்.

மறுநாள் மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, நண்பகலில் திரும்பும் வழியில் கார் நின்றுபோனது. ஸ்டார்ட்டர் சுழன்றது, இயந்திரம் பற்றவில்லை. வெயிலில் ஒரு முச்சக்கர வண்டியைத் தேடி மனைவியை அனுப்பிவைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தபோது எதுவுமே நடவாததுபோல் கார் இயங்கியது.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்கிறார்கள் என்ற கதை அப்போது எங்கும் உலவியது. வரிசையில் நிற்கப் பொறுமையிழந்த பையன் வழியில் யாரிடமோ போத்தல்களில் வாங்கி ஊற்றியிருப்பான் என்று நானே தீர்மானித்தேன். அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆளை வைத்துத் தாங்கியிலிருந்த பெற்றோல் முழுவதையும் இறக்குவித்தேன்.

சில தினங்களின் பின்னர், மீண்டும் ஒரு நண்பகலில், கராஜ் ஒன்றுக்குச் சமீபமாகக் கார் நின்றது. அங்கிருந்தவர்கள் பின்னிருக்கையைக் கழற்றி, எரிபொருள் பம்பிக்குச் செல்லும் இணைப்பை விடுவித்தார்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மல்ரிமீற்றரை வைத்தார். அது 12 வோல்ற்றுக் காட்டியது. "மின்சாரம் வருகுது ஐயா. பம்பிதான் செத்துப்போச்சு" என்றார் மெக்கானிக். எரிபொருள் தட்டுப்பாட்டால் தாங்கியை வற்றவிட்டு ஓடியதும் காரணம் என்றார். அதில் நியாயம் இருந்தது. தாங்கிக்குள் அமர்ந்திருக்கும் மின்பம்பியைக் குளிர்விப்பது பெற்றோலேதான். புதிய பம்பி பூட்டி முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. கார் உடனே இயங்கியது. பழைய பம்பியை ஒரு பையிலிட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மூன்று வாரங்களில் மறுபடியும் அதே கதை.

பஞ்சிகாவத்தையில் வயதான வாகன எலெக்ட்ரீசியன் ஒருவரிடம் நண்பர் என்னை அனுப்பினார். காலையில் போன எனது கார் அவர் முன்னால் நல்ல பிள்ளையாக இயங்கியது. அவர் எதையும் கழற்றவில்லை. கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் வரச் சொன்னார். நோய் வந்திருக்கும்போதுதான் நாடி பிடிக்கவேண்டும் என்பது அவரது கொள்கை.

இத்தகைய கார்களில் சாவியைத் திருப்பியதும் பம்பி சுமார் இரண்டு விநாடிகள் மெல்ல முரன்று ஓயும். இயந்திரம் சுழல்கிறது என்ற சமிக்ஞை கணினிக்குக் கிடைத்தால்தான் அது தொடர்ந்து ஓடும். விபத்தில் இயந்திரம் நின்ற பின்னரும் பம்பி பெற்றோலைப் பீய்ச்சிக்கொண்டிராதிருக்கவே இந்த ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில், பெற்றோல் தடையின்போது, துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களை நான் அறிவேன். அவற்றின் மின்பம்பி "டிக், டிக்" என்று துடிக்கும். ஓசை வராவிட்டால் ஸ்பானரால் மெல்லத் தட்டுவார்கள். பெரும்பாலும் அது துடிக்கத் தொடங்கிவிடும். இப்போதைய பம்பிக்கும் முதற் சோதனை காதுதான்.

மதியம் சாவியைத் திருப்பியபோது முரலோசை எழவில்லை. எலெக்ட்ரீசியனின் மீற்றரும் பம்பியின் இணைப்பில் 12 வோல்ற்றே காட்டியது. "இதைப் பார்த்துத்தான் அவர்கள் ஏமாந்திருப்பார்கள்" என்றவர், மீற்றரை வைத்துவிட்டு, இரு வயர்கள் பற்றவைத்த 21 வாற்றுப் பல்ப் ஒன்றை எடுத்து அதே இடத்தில் தொடுத்தார். பையன் ஒருவன் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினான். பல்பின் இழை சற்றே சிவந்ததேயன்றி ஒளிரவில்லை.

மீற்றர் மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதேயில்லை. ஆகையால், அறுந்து ஒரேயொரு இழையில் தொங்கும் வயரும் அதற்கு முழு வோல்ற்றளவைக் காட்டும். அந்தப் பல்புக்கோ ஏறத்தாழ 2 அம்பியர் வேண்டும். பம்பிக்கு அதனிலும் அதிகம். 5 அம்பியர் பாயும் வழியில் 1 ஓம் தடை இருந்தாலே 5 வோல்ற்று அங்கே செலவாகிவிடும். சுமையை ஏற்றினால்தான் வழியின் உண்மையான நிலை தெரியும்.

பிறகு அவர் ஒழுங்காகப் பின்னோக்கிச் சென்றார். பற்றரியின் நேர்முனையிலிருந்து நீண்ட வயரை இழுத்து, பல்பைப் பம்பியின் புவித்தொடுப்புடன் இணைத்தார். பிரகாசமாக எரிந்தது, அந்தப் பக்கம் பிழையில்லை. பியூசின் இரு பக்கமும் எரிந்தது. டாஷ்போட்டின் கீழிருந்த றிலே, சாவியைத் திருப்புந்தோறும் "டக்" என்றது. அதாவது கணினி தன் கட்டளையைச் சரியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. றிலேக்குள் நுழையும் முனையில் பல்ப் எரிந்தது. வெளியேறும் முனையில் மங்கியது. விசாரணை முடிந்தது.

மூடியைக் கழற்றி உருப்பெருக்குக் கண்ணாடியை என்னிடம் தந்தார். ஓர் ஈயப் பற்றாசைச் சுற்றி மயிரிழைபோன்ற வட்ட வெடிப்பு. ஆண்டுக்கணக்காகச் சூடேறியும் ஆறியும் உண்டான வெடிப்பு அது. வெயிலில் விரிந்து தொடுகை தளரும். குளிர்ந்தால் மீண்டும் சேரும். புதிய பம்பி பூட்டிய அன்று கார் இயங்கியதற்குப் பம்பி காரணமல்ல, மாலைப் பொழுதே காரணம். நன்கு காய்ந்து கிடந்த பழைய பம்பியை அவர் ஒரு கணம் பற்றரியில் தொடுத்துக் காட்டினார். அது சுழன்றது. பற்றாசைப் புதிதாக வைத்ததற்கு அவர் வாங்கிய கூலி, பம்பியின் விலையில் மிகச் சிறிய பங்கே.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள், இப்போது கணினியைப் பொருத்தினால் பழுதின் குறியீடு வந்துவிடுமே என்று எழுதக்கூடும். குறியீடு எந்தச் சுற்றில் கோளாறு என்பதைச் சொல்லும். அந்தச் சுற்றில் எந்த முனை என்பதை யாரேனும் சுமையுடன் அளந்துதான் காணவேண்டும்.

அன்று மாலையே அயல்வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொல்லி, உன்னைச் சந்தேகித்தது என் தவறு என்றேன். அவன் சிரித்து மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன்.

"பரவாயில்லை அங்கிள்" என்றான். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நீங்கள் பெற்றோலை இறக்கேக்கை நான் பல்கனியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். பில் என்னட்டை இருந்தது" என்றான்.

உள்ளே போய் அந்தப் பற்றுச்சீட்டை எடுத்து வந்து காட்டினான். எரிபொருள் நிலையத்தின் பெயர், அளவு, நேரம் யாவும் அதில் இருந்தன. என்னிடம் ஒரு நாள் கேட்கப்படும் என்று எண்ணி அவன் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறான். கேட்கவேண்டிய தொழிலில் இருந்தவன் நான், கேட்கவில்லை.