மைனஸ் 45-ல் ஒரு வேனைத் தூங்கவைப்பது எப்படி?

மாலை ஆறு மணி. கடைசிக் கடையில் ரொட்டித் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு வெளியே வருகிறார் வேன் டிரைவர். நம் ஊராக இருந்தால், வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். ஆனால், இது ரஷ்யாவின் யாகுட்ஸ்க். தெர்மாமீட்டர் மைனஸ் 45 டிகிரி செல்சியஸைக் காட்டுகிறது. இங்கே ஒரு டிரைவரின் பாதி வேலை, என்ஜினை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இப்போது அணைக்கும் என்ஜின் நாளைக் காலையில் மறுபடி உயிர் பெறுமா? இந்த ஒரு கேள்வியோடுதான் அந்த ஊர் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகிறது.

சைபீரியாவில், லேனா நதிக்கரையில் இருக்கிறது யாகுட்ஸ்க். மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 35 டிகிரிக்குக் கீழே. 1891-ல் மைனஸ் 64.4 வரை போயிருக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். யாகுட்ஸ்க்காரர் ஒருவர் ஜனவரியில் அதற்குள் போய் உட்கார்ந்தால், கதகதப்பாக இருக்கிறது என்பார்!

வெளியே மட்டுமல்ல, காலுக்குக் கீழேயும் பனிதான். ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிகர் 1828-ல் இங்கே ஒரு கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை தோண்டி, 116 மீட்டர் ஆழத்துக்குப் போன பிறகும் தண்ணீர் வரவில்லை. அத்தனை ஆழத்திலும் உறைந்த மண்தான். அந்த மண் இளகிவிடக் கூடாது என்றுதான் இன்றைக்கும் கட்டடங்களைத் தரையோடு கட்டாமல், தூண்கள்மேல் நிறுத்துகிறார்கள்.

உறைவது தண்ணீர் மட்டுமல்ல

குளிர்ந்தால் வண்டிக்கு என்ன ஆகும்? ஒன்றல்ல, எல்லாமே ஆகும்.

முதலில் பேட்டரி. மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கிக்கொள்ளும். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியோ, மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உள்ளே உறைந்து, ஓடு வெடித்துவிடும். அதனால்தான் இங்கே பலர் இரவில் பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தையைப் போல வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்தது என்ஜின் ஆயில். நம் ஊரில் தண்ணீர்போல ஓடும் ஆயில், இங்கே ஆறிப்போன அல்வாவாக இறுகிவிடும். பாதிச் சக்தியில் இருக்கும் பேட்டரி, இறுகிய ஆயிலுக்குள் சிக்கிய என்ஜினைச் சுற்றவைக்க வேண்டும். சிரமம் புரிகிறதல்லவா?

மூன்றாவது டீசல். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிரில் அந்த மெழுகு பிரிந்து, ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி ஓடாது. ஆகவே, குளிர் பிரதேசங்களுக்கென்று தனியாகத் தயாரிக்கும் டீசலைத்தான் போட வேண்டும். டேங்கைக் காலியாக விடவும் கூடாது. காலி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம், துளித் துளியாகப் படிந்து எரிபொருள் குழாயில் பனிக்கட்டியாகிவிடும்.

நான்காவது, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிவடையும். அந்த அழுத்தத்தில் இரும்பு என்ஜினே விரிசல் விட்டுவிடும். தண்ணீரையும் எத்திலீன் கிளைகாலையும் பாதிக்குப் பாதி கலந்தால், மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ‘அப்படியானால் கிளைகாலை மட்டுமே ஊற்றிவிடலாமே’ என்று தோன்றும். அங்கேதான் வேடிக்கை. தனி கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! சரியான கலவையில்தான் பலம் இருக்கிறது. யாகுட்ஸ்க் டிரைவர்கள் கிளைகாலின் பங்கைப் பாதிக்குமேல் ஏற்றி, மைனஸ் 50-க்கும் கீழே தாங்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டால், அது அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். அதனால் கியரில் போட்டு நிறுத்துகிறார்கள். இரவு முழுக்க நின்ற டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகி இறுகிவிடும். காலையில் கொஞ்ச தூரம் வண்டி ‘தடக் தடக்’ என்று சதுரச் சக்கரத்தில் ஓடுவதுபோலவே ஓடும்.

நடாஷா என்றொரு போர்வை

இத்தனைக்கும் யாகுட்ஸ்க் மக்கள் கைவசம் வழி வைத்திருக்கிறார்கள்.

வசதி உள்ளவர்களுக்கு வெப்பமூட்டிய கேரேஜ். வண்டிக்கு அதைவிடச் சுகமான படுக்கை கிடையாது. ஆனால் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மற்றவர்களுக்குக் கைகொடுப்பது, தடிமனான ஒரு மெத்தைப் போர்வை. வண்டியைத் தலை முதல் கால் வரை மூடிவிடலாம். அதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நடாஷா’! ‘நடாஷா போட்டாச்சா?’ என்பதெல்லாம் இங்கே சர்வசாதாரணமான கேள்வி.

போர்வை சூட்டை உண்டாக்காது. இருக்கிற சூட்டைக் காக்கும். அதனால், போர்வைக்குள் இருக்கும் என்ஜினை அவ்வப்போது ஓடவிட வேண்டும். முன்பெல்லாம் டிரைவர்கள் நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவார்கள். இப்போது அந்த வேலையைத் தானியங்கிக் கருவி செய்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது என்ஜின் குறிப்பிட்ட அளவுக்குக் குளிர்ந்ததும், தானாக ஸ்டார்ட் செய்து, சூடானதும் நிறுத்திவிடும். இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத தெருவில், போர்வைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு வேன் உறுமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழி, எரிபொருளில் இயங்கும் சின்ன ஹீட்டர். டேங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருளை எடுத்து எரித்து, கூலன்ட்டைச் சூடாக்கி என்ஜினைச் சுற்றி ஓடவிடும். என்ஜினை ஓட்டவே தேவையில்லை. பக்கவாட்டு ஜன்னல்களில் இன்னொரு கண்ணாடியை ஒட்டி இரட்டைக் கண்ணாடியாக்குவதும் இங்கே வழக்கம். இல்லையென்றால், டிரைவர் விடும் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிந்து பார்வையை மறைத்துவிடும்.

சோவியத் காலத்து லாரி டிரைவர்களின் கதை இன்னும் கடினமானது. ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் வடித்து எடுத்துவிடுவார்கள். காலையில் அடுப்பில் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க மறுபடி ஊற்றுவார்கள். அதுவும் போதாதென்றால், என்ஜினுக்கு அடியில் ஊதுவிளக்கைக் காட்டிச் சூடேற்றுவார்கள். கை கொஞ்சம் தவறினால் வண்டியே எரிந்துபோகும்.

இன்றும் ஓர் ஆபத்து மாறவில்லை. மூடிய கேரேஜுக்குள் என்ஜினை ஓடவிட்டுவிட்டுக் குளிருக்கு இதமாக உட்கார்ந்தால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். குளிர் பிரதேசத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. ஆனாலும், ஒரு நிமிட அலட்சியம் போதும்.

சரக்குக்கும் ஸ்வெட்டர்

வேலைக்கு ஓடும் வேனில் என்ஜினை மட்டும் காப்பாற்றினால் போதாது. உள்ளே இருப்பதுதான் பிழைப்பு. காய்கறி, முட்டை, குளிர்பானம், மருந்து எல்லாமே சில நிமிடங்களில் கெட்டுப்போகலாம். பாட்டில் வெடிக்கும், முட்டை ஓடு பிளக்கும். நீரில் கரையும் பெயின்ட் ஒருமுறை உறைந்துவிட்டால், இளகிய பிறகும் தயிர் திரிந்த மாதிரிதான் இருக்கும். சுவரில் பூச முடியாது. பிளம்பர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் என்று யாராக இருந்தாலும், பசை டப்பாவையும் பேட்டரியில் ஓடும் டிரில் மெஷினையும் ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவந்துவிடுவார்கள்.

சரக்கு ஏற்றும் பெட்டிக்குள் ஹீட்டர் ஓடும். நம் ஊரில் ஐஸ்க்ரீம் வேனுக்குள் குளிர்; இங்கே தக்காளி வேனுக்குள் சூடு! நேர்மாறாக, மீன் வியாபாரிக்குக் கவலையே இல்லை. யாகுட்ஸ்க் சந்தையில் மீன்கள் விறைத்துப்போய், விறகுக் கட்டைபோல நிமிர்ந்து நிற்கின்றன. ஃப்ரீசருக்கு ஒரு பைசா செலவில்லை.

இங்கே ஓடும் வேன்களில் ரொம்பப் பழைய முகம் ஒன்று உண்டு. 1965-லிருந்து தயாராகும் ‘உவாஸ்’ வேன். அதன் வடிவத்தைப் பார்த்து ரஷ்யர்கள் வைத்த செல்லப் பெயர் ‘புகாங்கா’. முழு ரொட்டி என்று அர்த்தம். இதன் என்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே, கேபினுக்குள் இருக்கிறது. சத்தம் காதைப் பிளக்கும். ஆனால், பழுதானால் வெளியே இறங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மைனஸ் 45-ல் அது எவ்வளவு பெரிய வரம் என்பது, கையுறையைக் கழற்றி ஒரு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அலாஸ்காவிலும் லடாக்கிலும்

ஊருக்கு ஊர் வழி வேறு. அமெரிக்காவின் அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்து வண்டிகளின் முன்பக்கம் மூக்கு மாதிரி ஒரு பிளக் தொங்கும். என்ஜினுக்குள் இருக்கும் மின்சார ஹீட்டருக்கான பிளக் அது. அலுவலகங்களின் பார்க்கிங் இடங்களில்கூட, வண்டிக்கென்றே பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த டைமர் வைத்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு மட்டும் ஓடவிடுவார்கள்.

நம் நாட்டு லடாக்கில், டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டி இளக்குவதும், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் டிரைவர்களின் பழைய வழக்கம். 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே அறிமுகப்படுத்தியது.

நடுவழியில் நின்றுவிட்டால்?

வீட்டு வாசலில் வண்டி உறைந்தால் ஒரு நாள் கூலி போகும். நெடுஞ்சாலையில் உறைந்தால் உயிரே போகும்.

யாகுட்ஸ்கிலிருந்து மகதான் துறைமுகம் வரை கிழக்கே நீளும் கொலிமா நெடுஞ்சாலை, சுமார் 2,000 கிலோமீட்டர். ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறும் காடும் மலையும்தான். 2020-ல் இந்த வழியாகக் காரில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள், செல்போன் காட்டிய குறுக்கு வழியை நம்பி, கைவிடப்பட்ட பழைய சாலையில் திரும்பிவிட்டார்கள். குளிர் மைனஸ் 50-ஐ ஒட்டி இருந்தது. ரேடியேட்டர் உடைந்து கார் நின்றுபோனது. தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தபோது ஒருவர் இறந்துவிட்டிருந்தார். மற்றவர் குற்றுயிராக மீட்கப்பட்டார்.

அதனால்தான் அனுபவப்பட்ட டிரைவர்கள் இந்தச் சாலையில் தனியாகப் போகத் தயங்குகிறார்கள். வேனில் அடுப்பு, விறகு, கம்பளி, சாப்பாடு எல்லாம் இருக்கும். ஓய்வெடுக்க நிறுத்தினாலும் என்ஜினை அணைப்பதில்லை. சாலையோரம் ஒரு வண்டி நின்றால், பார்த்தும் பாராததுபோல் யாரும் கடந்து போக மாட்டார்கள். எந்தப் பலகையிலும் எழுதப்படாத சட்டம் அது. இன்றைக்கு அவர், நாளைக்கு நாம்.

மறுபடி யாகுட்ஸ்க். காலை ஆறு மணி. குளிர்கால சூரியன் வர இன்னும் சில மணி நேரம் ஆகும். வந்தாலும் சுமார் ஐந்து மணி நேரம்தான் இருக்கும். வண்டிகள் கக்கிய புகையும் மனிதர்களின் மூச்சும் பொடிப்பொடிப் பனியாகி, தெருவெங்கும் வெள்ளை மூட்டமாக நிற்கின்றன. அதைக் கலைக்கக் காற்றுகூட வீசவில்லை.

டிரைவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கீழே வருகிறார். நடாஷாவை உருவி மடிக்கிறார். பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகுகிறார். ஒரு முனகல். இன்னொரு முனகல். பிறகு, என்ஜின் பிடித்துக்கொள்கிறது.

அடுக்குமாடியில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பிக்கிறது. அந்த வீடுகளின் காலை உணவு மேஜைக்கு இன்றைக்கும் ரொட்டி வந்துவிடும்.