மலைக்கு அப்பால் கேட்கும் குரல்

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவழியில் சீதா எலியாவையும் ஹக்கலைப் பூங்காவையும் கடந்து கீழே இறங்கத் தொடங்கியதும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. ஈரக் குளிர் பின்தங்க, உலர்ந்த காற்று முகத்தில் படுகிறது. ஊவாவிற்குள் புகுந்துவிட்டோம் என்பதற்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை. படிப்படியாக அமைந்த வயல்கள், உருளைக்கிழங்குப் பாத்திகள், போஞ்சிக் கொடிகள், அவற்றிற்கு மேலே தேயிலை. இவற்றின் நடுவே வெலிமடை நகரம். சிங்களத்தில் வெலி என்றால் மணல், மட என்றால் சேறு. மழைக்காலத்தில் சந்தைப் பக்கம் நடந்தவர்கள் பெயர்ப் பொருத்தத்தை மெச்சாமல் இருக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் வானொலி கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கு இவ்வழியில் இன்னுமொரு அனுபவம் உண்டு. ஒரு வளைவில் பாட்டுத் தெளிவாக ஒலிக்கும். அடுத்த வளைவில் இரைச்சல். அதற்கடுத்த வளைவில் வேறொரு நிலையம் வந்து புகுந்துகொள்ளும். பெட்டியைக் குறை கூறிப் பயனில்லை. பண்பலை என்று நாம் கூறும் எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிலே செல்வன. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறத்தில் நிழல் விழுகிறது. பழைய மத்திய அலையோ நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தூரம் செல்ல வல்லது. பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் கோபுரங்களை மலையுச்சியில் நாட்டுவதன் காரணம் இதுவே. 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தொடங்கியபோது, இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீற்றர் பிதுருதலாகலை அதற்கு வாய்த்தது. ஆயினும் எத்துணை உயரமான கோபுரமும் எல்லாப் பள்ளத்தாக்குகளையும் எட்டிப் பார்ப்பதில்லை. லயங்கள் பலவும் பள்ளத்தாக்குகளிலேதான் இருக்கின்றன.

1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் முறைப்படி தொடங்கிய ஒலிபரப்பு பின்னர் ரேடியோ சிலோனாக வளர்ந்து, 1967 சனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவைக்குத் தமிழகத்திலும் எத்தனை நேயர்கள் இருந்தனர் என்பதை வாசகர்களின் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும், எஸ். பி. மயில்வாகனன் என்ற பெயரைச் சொன்னாலே போதும், பேச்சு நெடுநேரம் நீளும். மலைநாட்டு மக்கள் அக்குரல்களைக் கேட்டு மகிழ்ந்தார்கள். ஆனால் தங்கள் பேச்சைத் தாங்களே வானொலியில் கேட்பது என்பது முற்றிலும் வேறு சங்கதி.

அதற்கு வழிகாட்டிய முயற்சி ஒன்று ஊவாவிலேயே நிகழ்ந்தது. மகாவலித் திட்டத்தின்கீழ் புதிதாகக் குடியேறிய விவசாயிகளுக்காக 1980களின் தொடக்கத்தில் மகாவலி சமூக வானொலி எழுந்தது. யுனெஸ்கோவும் டென்மார்க் அரசும் துணை நின்றன. அதன் தயாரிப்பாளர்கள் நிலையத்தில் அமர்ந்து எழுதிப் படிக்கவில்லை. குழுவாக ஒரு கிராமத்திற்குச் சென்று சில நாட்கள் அங்கேயே தங்கினார்கள். ஊராருடன் உண்டு, பேசி, அவர்களுடைய பாட்டையும் வழக்கையும் குறையையும் ஒலிப்பதிவு செய்தார்கள். பின்னர் பதுளை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள கிராந்துருகோட்டையில் ஒரு சிறு நிலையம் அமைந்தது. 1989இல் கொத்மலையிலும் ஒன்று. கொத்மலை நிலையம் பத்தாண்டு கழித்து இணையத்தையும் வானொலியோடு சேர்த்தது. நேயர் ஒருவர் கேள்வி அனுப்பினால், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி விடையை ஒலிபரப்பிலே சொல்வார். வீட்டில் கணினி இல்லாதவருக்கும் இணையம் கிடைத்த விந்தையை அறிய வெளிநாட்டாரும் வந்து பார்த்தனர். இந்நிலையங்கள் யாவும் கூட்டுத்தாபனத்தின் குடைக்கீழ் இயங்கியவை. ஊரார் பேசலாம்; உரிமம் ஊராருடையதன்று. சமூக வானொலி என்ற பெயர் பாதியளவே பொருந்தியது என்பது என் எண்ணம்.

இக்கலை வேடிக்கைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்று நிலமும் வீடும் இன்றி எச்சரிக்கை மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாதுதான். ஆனால் கடிதத்தில் வரும் எச்சரிக்கை வேறு. மாலை வேளையில் பழகிய குரலொன்று, விளங்குகின்ற தமிழில், எந்தச் சரிவில் வெடிப்புக் கண்டிருக்கிறது, எவ்வழியாக விலகுவது என்று சொல்வது வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் இம்மாவட்டத்தில் மலை சரிந்து உயிர்கள் போயின.

அத்தகைய குரலாக விரும்பும் வெலிமடைத் தோட்டத்து மாணவி எங்கே படிப்பது? கொழும்பில் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி மும்மொழியிலும் கற்பித்து வந்திருக்கிறது. ஆனால் கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் யார் பணம் கொடுப்பது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான். கடல் கடந்து பார்த்தால், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தன் வளாகத்திலேயே சமூக வானொலி ஒன்றை நிறுவியது. மாணவர்களும் அயலாரும் அங்கே நிகழ்ச்சி செய்து பழகினார்கள். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இப்படியொன்று அமையலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

கற்கும் பாடமோ கடினமன்று. ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தல். காற்றடிக்கும் மேட்டில் அதற்குப் பஞ்சுறை இடுதல். கேள்வி கேட்டபின் மௌனமாயிருத்தல். இந்த மூன்றாவதுதான் பலருக்கு வருவதில்லை. பிறகு, செவிக்காக எழுதுதல்: சிறு வாக்கியம், ஒன்றுக்கு ஒரு செய்தி. தொலைக்காட்சிக்காரருக்கு ஊவாவின் வெளிச்சமே ஆசிரியர். மூடுபனி நகர்ந்ததும் நிறம் மாறும். வெள்ளைத் தாளொன்றைக் காட்டி கமராவை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

இன்று ஒலிப்பதிவுக் கருவி கைத்தொலைபேசிக்குள்ளேயே அடங்கிவிட்டது. பயிற்சி தொடங்க விரும்பும் மாணவர் தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்குச் செல்லலாம். கொழுந்தை வாட்டும் மின்விசிறிகளின் நீண்ட முழக்கம், உருட்டும் இயந்திரத்தின் சுழற்சி, தராசடியில் நிறை குறித்து எழும் வாக்குவாதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இணைத்துப் பார்க்கவேண்டும். வாக்குவாதத்தை மட்டும், பேசியவர்களின் சம்மதம் பெற்ற பிறகே வெளியிட வேண்டும்.