டி டிரைவில் இருந்த தமிழ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. என் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அதில் கிடையாது. ஆகவே கணினியும் மாறியது, அதற்குள் ஓடுவதும் மாறியது. கொஞ்ச நாளாகவே மாலையானால் உட்கார்ந்து அதை என் கைக்கு வாகாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டார்ட் பொத்தான் திரையின் அடியில் நடுப்பக்கம் வந்து நிற்கிறது. குடிமாறிப் போனவர்கள் இருட்டில் பழைய வீட்டு சுவிட்ச் இருந்த சுவரைத் தடவுவதுபோல, என் கை இடது மூலைக்கே போகிறது. செட்டிங்ஸில் போய் அதை இடப்பக்கம் தள்ளிவிட்டேன். வலது கிளிக் செய்தால் பாதிப் பட்டியல்தான் வருகிறது. மீதியைப் பார்க்க இன்னொரு முறை அழுத்த வேண்டும். முகப்பில் மை கம்ப்யூட்டர் இல்லை. அதன் பெயர் விஸ்டாவில் வெறும் கம்ப்யூட்டர் ஆனது, 8.1-இல் திஸ் பிசி ஆனது. நான் இன்னும் மை கம்ப்யூட்டர் என்றுதான் சொல்கிறேன். அதையும் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஐகான்களின் கீழே வரும் பெயர்களுக்கு எழுத்துருவை மாற்றும் இடத்தைத் தேடினேன். அது இங்கே இல்லை. விண்டோஸ் 8 வந்தபோதே அந்தப் பழைய அப்பியரன்ஸ் பெட்டியை எடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்று தேவையும் இல்லை. ஆனாலும் ஏன் தேடினேன் என்று யோசித்தபோது, மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரிந்துபோகும் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த டிடிபி கடைக்குள் போய் நின்றேன்.

1999. கடையில் விண்டோஸ் 98 ஓடும் அசெம்பிள்டு செட் ஒன்று. 32 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குல மானிட்டர். பக்கத்தில் லேசர் பிரிண்டர். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க வேலை இருக்கும். பக்கத்தைத் திருப்பி பட்டர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, ஈரம் பட்டுவிடாமல் சுருட்டி, மினி ஆஃப்செட் போட்டிருக்கும் அச்சகத்துக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் சில நண்பர்கள் நடத்திய சிற்றிதழின் பக்கங்களும் அங்கேதான் உருவாயின. கடை அடைக்கும் நேரத்துக்குப் போய், ஆப்பரேட்டர் அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்போம்.

அக்கா தமிழ் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். ய, ள, ன, க என்று விரல் வைக்கப் பழகியவர். கடையில் இருந்தது பாமினி எழுத்துரு. அதன் விசை அமைப்பு தட்டச்சுப் பொறியை ஒட்டியது என்பதால் அக்காவுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கணினிக்கு அப்போது தமிழே தெரியாது. அது ஆங்கில எழுத்துகளைத்தான் சேமித்தது. அந்த எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தது எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் திரையில் தமிழ் என்று வரும். எழுத்துருவை மாற்றினால் மறுபடி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் படிக்க முடியாமல் போவதும் இதனால்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அடுக்கியிருந்தது.

அந்தக் கணினியை அக்கா தமிழாக்கி வைத்திருந்த விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. முகப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ். அங்கே ஒரு பட்டியல் விரியும். அதில் ஐகான் என்பதைத் தேர்ந்து, அதன் எழுத்துருவாகப் பாமினியைக் கொடுத்திருந்தார். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தட்டச்சு செய்வதுபோலவே தட்டுவார். உடனே 'மீனாட்சி கல்யாணம்', 'அழகர்கோவில் நோட்டீஸ்' என்று மஞ்சள் கோப்புறைகளின் கீழே தமிழ் எழுந்துவிடும். ஒருங்குறி எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே தமிழில் கோப்புப் பெயர் பார்த்தவர்கள் நாங்கள்.

அதற்கு ஒரு விலை இருந்தது. ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் பொருளில்லாத தமிழாகிவிடும். ரீசைக்கிள் பின்னின் கீழே உச்சரிக்கவே வராத எழுத்துக் கோர்வை ஒன்று நிற்கும். அது குப்பைத்தொட்டி என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இன்னொரு சங்கடமும் உண்டு. சாய்கோடு, முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, பெரிது சிறிது குறிகள் ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது. பாமினியில் 'ஈ' என்ற எழுத்து அந்தச் 'சிறியது' குறியின் இடத்தில் இருந்தது. அதனால் ஈரோட்டு மாப்பிள்ளை ஒருவரின் பத்திரிகை, டி டிரைவில் 'இரோடு' என்றே கிடந்தது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "பத்திரிகையில சரியா இருக்கு தம்பி, பெட்டிக்குள்ளதான் தப்பா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்வார்.

கொஞ்ச நேரம் யாரும் மவுஸைத் தொடாவிட்டால் ஸ்கிரீன் சேவர் வரும். அதிலும் எழுத்துரு மாற்ற இடம் உண்டு. கடைப் பெயரும் 'கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், தீசிஸ்' என்ற வரியும் கறுப்புத் திரையில் மஞ்சள் தமிழில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகள் நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். கம்ப்யூட்டரில் தமிழ் ஓடுவதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகைக்கு அரசு ஒப்புதல் தந்ததும் அதே ஆண்டில்தான். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. இரண்டு ககரத்தை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்து உட்காரும். நான் அதைத்தான் கற்றுக்கொண்டேன், இன்றுவரை அதில்தான் எழுதுகிறேன். அதைவிட நல்ல விசைப்பலகை தமிழுக்கு இதுவரை வரவில்லை என்பது என் கருத்து. அக்காவுக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. "ஹையர் பாஸ் பண்ணுன விரல் தம்பி இது, இனிமே வளையாது" என்றார்.

கடையில் எல்லோரும் பயந்த சொல் ஃபார்மட். ஆண்டுக்கு ஒருமுறையாவது கணினி படுத்துவிடும். கோரிப்பாளையம் பக்கமிருந்து சிஸ்டம் பார்க்கும் தம்பி சைக்கிளில் வருவார். தோளில் ஒரு பை. அதில் ஸ்குரூ டிரைவர், டிரைவர் சிடிக்கள், மார்க்கரில் பெயர் எழுதிய வேறு சிடிக்கள். "சி டிரைவைக் காலி பண்ணிருவேன்க்கா, வேணுங்கிறத டி டிரைவுக்கு மாத்திருங்க" என்பார். அக்கா வேலைகளையெல்லாம் டி டிரைவில்தான் வைப்பார். எழுத்துருக்கள் மட்டும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில், அதாவது அழியப்போகும் சி டிரைவில் இருக்கும். எனவே டி டிரைவில் அவற்றுக்கு ஒரு நகல். அந்தக் கோப்புறைக்குத் 'தமிழ்' என்றே பெயர். அது போதாதென்று ஃபிளாப்பிகளிலும் ஒரு நகல் எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஃபார்மட் நடக்கிற அன்று கடையில் வேலை ஓடாது. ஆனால் கூட்டம் இருக்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க வந்த பெண்வீட்டார், நாங்கள் என்று எல்லோரும் அந்த நீலத் திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடி நிற்போம். டீ வரும். விண்டோஸ் ஏறி, பேஜ்மேக்கர் ஏறி, கடைசியில் எழுத்துருக்கள் ஏற வேண்டும். அவை ஏறிய பின் அக்கா ஒரு கோப்பைத் திறப்பார். முதலில் கிறுக்கலாகத் தெரிந்தது தமிழாகும். அதற்கு அப்புறம்தான் ஐகான் எழுத்துரு, ஸ்கிரீன் சேவர், சாம்பல் நிறப் பின்னணி என்று பழையபடி ஒவ்வொன்றாக அடுக்குவார். அந்த வேலைக்கு யாரையும் விடமாட்டார்.

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளியானது. எங்கள் சந்துக்கு வர இரண்டு ஆண்டு பிடித்தது. பச்சை ஸ்டார்ட் பொத்தான், நீலப் பட்டை, புல்மேட்டுக்கு மேலே வெண்மேகம். கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் 1996-இல் சார்லஸ் ஓ'ரியர் எடுத்த ஒளிப்படம் அது என்பதை வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்று கடைக்கு வந்த ஒருவர் கொடைக்கானலா என்று கேட்டார். அக்கா அந்தப் படத்தை மட்டும் விட்டுவைத்தார். மற்றதையெல்லாம் கிளாசிக் தோற்றத்துக்கு, அதாவது 98-இன் சாம்பல் நிறத்துக்கே திருப்பிவிட்டார். எக்ஸ்பியில் அதற்கெல்லாம் இடம் இருந்தது.

தமிழும் அதற்குள்ளேயே இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 2000-இலேயே லதா என்ற தமிழ் எழுத்துரு வந்துவிட்டது. எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகளுக்கான பக்கத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். டிக் செய்த உடனே சிடியைப் போடு என்று கேட்கும். சிடி சிஸ்டம் தம்பியின் பையில் இருக்கும், அவர் அண்ணாநகரில் வேறொரு கடையில் இருப்பார். அவர் வந்து சேர்ந்த ராத்திரியில் நோட்பேடைத் திறந்து நான் ஒரு வரி அடித்தேன். பிறகு எழுத்துருவை வேண்டுமென்றே மாற்றினேன். தமிழ் தமிழாகவே இருந்தது. கோப்புக்கு 'ஈரோடு' என்று பெயர் வைத்தேன், ஏற்றுக்கொண்டது. அக்கா எட்டிப் பார்த்து, "இத பேஜ்மேக்கர்ல கொண்டாங்க" என்றார். அங்கேதான் முட்டியது. பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. அடோபி அதை மேம்படுத்துவதையே 2004-இல் நிறுத்திவிட்டது. அதனால் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு தமிழ்கள் பல ஆண்டுகள் குடியிருந்தன. மின்னஞ்சலுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று.

என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் வந்தபோது அக்காவுக்குப் பெரிய ஆறுதல். அதில் தமிழ்99 இருந்தது, அக்காவின் பழைய தட்டச்சு முறையும் இருந்தது. அதே விரல்களால் ஒருங்குறியில் அடிக்க முடிந்தது. ஆனால் அதற்குள் ஃபிளக்ஸ் வந்து நோட்டீஸ் வேலை குறைந்திருந்தது. பிறகு கல்யாணப் பத்திரிகையைப் படமாகக் கைபேசிக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த 2014-ஆம் ஆண்டு வரை அந்தக் கடை இருந்ததா என்று நினைவைத் துழாவுகிறேன், பிடிபடவில்லை.

இன்றைய கணினி தமிழ் தெரிந்தே வருகிறது. நிர்மலா எழுத்துரு உள்ளே இருக்கிறது. மொழிகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை பட்டியலிலேயே கிடைக்கிறது. சிடி வேண்டாம், சைக்கிளில் யாரும் வர வேண்டாம். நாங்கள் அன்று ஏங்கியது இதற்காகத்தான். வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில் அதைச் சுற்றி மனிதர்கள் நின்றார்கள். எழுத்துரு கேட்டு ஃபிளாப்பியோடு ஒருவர் வருவார், விசை மறந்த ஒருவர் தொலைபேசியில் கேட்பார், அடுத்த தெரு ஆப்பரேட்டர் வந்து அக்காவிடம் ஐகான் வித்தையைக் கற்றுக்கொண்டு போவார். அந்த வரவுபோக்கு நின்றுவிட்டது. நான் தனியாக அறையில் உட்கார்ந்து என் இயங்குதளத்தைச் சீர்படுத்துகிறேன். வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அன்று அது ஒரு நாள் முழுக்க நீண்டதைத்தான் மனம் விரும்புகிறது.

அக்கா எழுதிக் கொடுத்த சிடியிலிருந்த கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றியிருக்கிறேன். பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. ஐகான் எழுத்துருவைத் தேடியதன் காரணம் இப்போது புரிகிறது. ஒவ்வொரு பெயரையும் விசைப்பலகை மேல் விரலை ஓட்டித்தான் வாசிக்கிறேன். அக்கா தட்டியபோது எந்த விரல் எங்கே போனது என்பது கண்ணில் இருக்கிறது. வாசித்து ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர் மாற்றுகிறேன். 'இரோடு' மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உரைக் கோப்புகளை மாற்றி ஒருங்குறிக்குள் இழுத்துவிட்டேன். பேஜ்மேக்கர் கோப்புகள் திறக்கவில்லை. அடோபியின் இன்டிசைன்கூட சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு அவற்றைத் திறப்பதில்லை. தெற்கு மாசி வீதியில் ஓர் அச்சகத்துக்காரர், பழைய வாடிக்கையாளர்களுக்காக எக்ஸ்பி கணினி ஒன்றை இணையத்தில் இணைக்காமல் இன்னும் ஓட்டுகிறாராம். சிடியையும் பாமினி எழுத்துருவையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். சித்திரைத் திருவிழா வேலை ஓய்ந்த பிறகு வந்தால் உட்கார்ந்து எல்லா இதழ்களையும் பிடிஎஃப் எடுத்துவிடலாம் என்றார்.